க்னூட் ஏன் விழுந்தது: ஒரு பனிக்கரடியும் அதன் காணாமல் போன ஏற்பிகளும்

2011 மார்ச் 19, சனிக்கிழமை. பெர்லின் உயிரியல் பூங்காவின் பனிக்கரடிக் குளத்தைச் சுற்றி நல்ல கூட்டம். அறுநூறு பேருக்கு மேல் இருந்ததாக அப்போதைய செய்திகள் சொல்கின்றன. பாறைத் திட்டில் இருந்த க்னூட் திடீரென்று நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. இடது பின்னங்கால் வெட்டி வெட்டி இழுத்தது. அப்படியே பின்பக்கமாகச் சரிந்து தண்ணீருக்குள் விழுந்தது, மறுபடி எழவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் அதைக் காணொளியாகவும் எடுத்திருந்தார்கள். அப்போது க்னூட்டுக்கு வயது நான்கு. உயிரியல் பூங்காக்களில் பனிக்கரடிகள் முப்பது வயது தாண்டியும் வாழ்வதுண்டு.

க்னூட் சாதாரணக் கரடி இல்லை என்பதால்தான் இந்த மரணத்தை இவ்வளவு தோண்டினார்கள். 2006 டிசம்பர் 5 அன்று பிறந்தது. தாய் டோஸ்கா குட்டிகளை ஏற்கவில்லை. கூடப் பிறந்த குட்டி நான்கே நாளில் இறந்தது. க்னூட்டை இன்குபேட்டரில் வைத்துக் காப்பாற்றி, புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவர் தோமஸ் டோர்ஃப்லைன் என்ற பராமரிப்பாளர். 2007 மார்ச்சில் முதன்முதலாக வெளியே கொண்டுவந்தபோது உலகமெங்கும் இருந்து கேமராக்கள் வந்து நின்றன. அஞ்சல்தலை, பொம்மை, பாட்டு என்று ஒரு பித்தே பிடித்தது ஜெர்மனிக்கு. டோர்ஃப்லைன் 2008 செப்டம்பரில் மாரடைப்பால் இறந்துபோனார். ஆகவே க்னூட் விழுந்ததும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்: வளர்த்தவரை இழந்த துக்கம், மன உளைச்சல், கூட அடைத்திருந்த பெண் கரடிகளின் சீண்டல். துக்கத்தில் நல்ல கதை உண்டு, அதனால் அதற்குத்தான் ஆதரவு அதிகம். உண்மைக் காரணம் தெரிய நான்கு வருடங்களுக்கு மேல் ஆனது. அது நரம்புச் செல்களின் மேற்பரப்பில், மைக்ரோமீட்டரைவிடச் சிறிய இடத்தில் நடந்த ஒரு கணக்குப் பிசகு.

உடற்கூராய்வு

பெர்லினிலுள்ள லைப்னிட்ஸ் உயிரியல் பூங்கா மற்றும் வனவிலங்கு ஆய்வு நிறுவனம் உடலைப் பரிசோதித்தது. நேரடிக் காரணம் நீரில் மூழ்கியது. அதற்குப் பின்னால் இருந்தது மூளை அழற்சி. மூளையிலும் தண்டுவடத்திலும் வெள்ளணுக்கள் புகுந்திருந்தன. அந்த அழற்சிதான் வலிப்பைக் கொண்டுவந்தது. தண்ணீர் ஓரத்தில் நிற்காமல் நடுத்திட்டில் படுத்திருந்தால் அன்றைக்கு ஒருவேளை பிழைத்திருக்கும்.

சரி, அழற்சி எதனால்? வைரஸ் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், அப்படி நினைத்ததில் தவறும் இல்லை. க்னூட்டின் தந்தை லார்ஸ் அப்போது வுப்பெர்டால் உயிரியல் பூங்காவில் இருந்தது. 2010இல் அங்கே ஜெர்கா என்ற பெண் பனிக்கரடி மூளை அழற்சியால் இறந்தது. லார்ஸும் நோயில் விழுந்து பிழைத்தது. குதிரை இனத்தைத் தாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் ஒன்று கரடிக்குத் தாவியதுதான் அங்கே காரணம் என்று லைப்னிட்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர் அலெக்ஸ் கிரீன்வுட்டின் குழு கண்டறிந்தது. அதே குழுதான் க்னூட்டையும் கையிலெடுத்தது. மகனுக்கும் அதே கதிதானோ என்று சந்தேகம் வருவது இயல்பு.

ஆனால் எதுவும் சிக்கவில்லை. வைரஸ், பாக்டீரியா, ஒட்டுண்ணி என்று ஒவ்வொன்றாகச் சலித்தார்கள். மரபணு வரிசைகளை மொத்தமாகப் படிக்கும் முறையிலும் தேடினார்கள். எப்போதோ இன்ஃப்ளூயன்சா தொட்டுப்போன தடயம் இரத்தத்தில் இருந்தது, மூளையில் அந்தக் கிருமி இல்லை. 2014இல் முடிவுகளை வெளியிட்டபோது, அழற்சிக்கான காரணம் தெரியவில்லை என்ற நிலையில்தான் கோப்பு நின்றது. மாதிரிகள் மட்டும் உறைபெட்டியில் பத்திரமாக இருந்தன. பின்னால் வழக்கைத் தீர்த்தது அந்தப் பத்திரம்தான்.

ஒரு நரம்பியல் மருத்துவரின் சந்தேகம்

ஹரால்ட் ப்ரூஸ் பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையிலும் ஜெர்மன் நரம்புச் சிதைவு நோய்கள் மையத்திலும் பணிபுரியும் நரம்பியல் மருத்துவர். காரணம் தெரியாத மூளை அழற்சியோடு வரும் மனிதர்களைப் பார்ப்பது அவருடைய அன்றாட வேலை. க்னூட்டின் அறிக்கையைப் படித்ததும் தன் நோயாளிகள் அவருக்கு நினைவுக்கு வந்தார்கள். தொற்று எதுவும் அகப்படாத மூளை அழற்சி, இளம் வயது, வலிப்பு. கிரீன்வுட்டைத் தொடர்புகொண்டு, மூளைத் தண்டுவடத் திரவம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது.

சோதனை எளிமையானது. எலி மூளையை மெல்லிய சீவல்களாக எடுத்து, அவற்றின் மேல் கரடியின் திரவத்தை விட்டார்கள். திரவத்தில் மூளைக்கு எதிரான எதிர்ப்பொருள் (கிருமிகளைப் பிடிக்க உடல் செய்யும் புரதம்) இருந்தால் சீவலில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதை நிறமேற்றிப் பார்க்கலாம். ஒட்டியது. எங்கே என்பதுதான் முக்கியம்: நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் பகுதியில், மனித நோயாளிகளின் திரவம் காட்டும் அதே கோலத்தில். குறி, என்எம்டிஏ ஏற்பி: நரம்புச் செல்லின் மேற்பரப்பில் நின்று, குளூட்டமேட் என்ற செய்திப் பொருளை வாங்கும் புரதம். அதிலும் குளூஎன்1 என்ற துணை அலகு. எதிர்ப்பொருளின் செறிவும் உயர்ந்திருந்தது. 2015 ஆகஸ்டில் முடிவு வெளியானது. என்எம்டிஏ ஏற்பிக்கு எதிரான தன்னெதிர்ப்பு மூளை அழற்சி (உடலின் எதிர்ப்பு மண்டலம் தன் மூளையையே தாக்குவது) மனிதரல்லாத விலங்கு ஒன்றில் உறுதியானது அதுவே முதல் முறை.

கரடியின் எதிர்ப்பொருள் எலி மூளையில் எப்படி ஒட்டும் என்று கேட்பது நியாயமான கேள்வி. குளூஎன்1 பாலூட்டிகளில் கிட்டத்தட்ட மாறவே மாறாத புரதம். எலி, கரடி, மனிதர் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே அச்சு. பரிணாமம் எதைத் தொடப் பயப்படுகிறதோ அது பெரும்பாலும் உயிர் நாடியான சாமானாகத்தான் இருக்கும்.

அந்த ஏற்பி என்ன செய்கிறது

குளூட்டமேட் நம் சமையலறைக்குப் புதிதல்ல. சைனீஸ் கடை ஃப்ரைடு ரைஸில் தூவும் அஜினமோட்டோ அதன் சோடியம் உப்புதான். 1908இல் ஜப்பானில் கிகுனே இக்கெடா கடற்பாசிச் சாறில் இருந்து அந்தச் சுவையைப் பிரித்தெடுத்தார். அதே மூலக்கூறுதான் மூளையில் ஒரு செல் இன்னொரு செல்லை உசுப்ப அதிகம் பயன்படுத்தும் பொருள். (தட்டில் இருக்கும் குளூட்டமேட் நேராக மூளைக்குப் போவதில்லை. குடல் அதில் பெரும்பகுதியை எரித்துவிடும்; இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு மிச்சத்தை நிறுத்திவிடும்.)

இரண்டு நரம்புச் செல்கள் சந்திக்கும் இடம் சினாப்ஸ். இந்தப் பக்கத்துச் செல் குளூட்டமேட்டை உமிழும், அந்தப் பக்கத்துச் செல்லின் ஏற்பிகள் அதைப் பிடிக்கும். ஏற்பிகளில் நமக்கு வேண்டியவை இரண்டு வகை. ஆம்பா ஏற்பி அவசரக்காரன். குளூட்டமேட் வந்ததும் திறந்து சோடியத்தை உள்ளே விட்டு, ஓரிரு மில்லிசெகண்டுகளில் மூடிக்கொள்ளும். தினசரிச் செய்திப் போக்குவரத்து பெரும்பாலும் இதன் பொறுப்பு. என்எம்டிஏ ஏற்பி அப்படி லேசில் திறக்காது. வங்கி லாக்கர் மாதிரி: நம் சாவி மட்டும் போதாது, வங்கியின் சாவியும் வேண்டும். அதில் நான்கு துணை அலகுகள். வழக்கமாக இரண்டு குளூஎன்1, இரண்டு குளூஎன்2. குளூட்டமேட் குளூஎன்2இல் அமர வேண்டும், கிளைசின் அல்லது டி-செரின் குளூஎன்1இல் அமர வேண்டும். இரண்டும் அமர்ந்தாலும் நடுத்துளையில் ஒரு மெக்னீசியம் அயனி தக்கையாக அடைத்துக்கொண்டிருக்கும். செல் ஏற்கெனவே உசுப்பப்பட்டு அதன் மின்னழுத்தம் மாறியிருந்தால்தான் தக்கை விலகும். இந்தத் தக்கையை 1984இல் பாரிஸிலும் அமெரிக்காவிலுமாக இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன.

ஆக, இந்தப் பக்கமும் பேச வேண்டும், அந்தப் பக்கமும் அதே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நிகழ்ந்தது என்பதை இந்த ஏற்பி மூலக்கூறு அளவிலேயே அறிகிறது. திறந்தால் சோடியத்தோடு கால்சியமும் உள்ளே வரும். கற்றலின் வேதியியல் கால்சியத்தில்தான் தொடங்குகிறது.

(பெயர் பற்றி ஒரு வார்த்தை. என்எம்டிஏ என்பது மூளையின் சொந்தச் சரக்கு அல்ல. ஆய்வகத்தில் சோதனைக்குப் பயன்படுத்திய செயற்கைப் பொருள். அது எந்த ஏற்பியைத் திறந்ததோ அந்த ஏற்பிக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. ஆம்பாவும் அப்படித்தான்.)

பேருந்து நிலையக் கணக்கு

பள்ளிப் பாடப் படங்களில் ஏற்பிகளைச் சுவரில் அடித்த ஆணி மாதிரி வரைந்திருப்பார்கள். பல காலம் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். க்னூட்டின் நோயைப் புரிந்துகொள்ள முதலில் அந்தப் படத்தை அழிக்க வேண்டும்.

மாலை ஆறு மணிக்கு ஒரு பேருந்து நிலையத்தில் இருநூறு பேர் நிற்கிறார்கள். ஆறரைக்கும் இருநூறு பேர். ஆனால் அதே இருநூறு பேர் அல்ல. வருகிறவர்களும் போகிறவர்களும் சமமாக இருப்பதால் எண்ணிக்கை நிலையாகத் தெரிகிறது. சினாப்ஸில் ஏற்பிகளும் இப்படித்தான். செல்லுக்குள் தயாராகி மேற்பரப்புக்கு வருகின்றன. கொழுப்புச் சவ்வில் பக்கவாட்டில் வழுக்கி சினாப்ஸுக்குள் நுழைகின்றன. அங்கே கட்டடச் சாரம் போலத் தாங்கி நிற்கும் பிஎஸ்டி-95 போன்ற புரதங்களில் கொஞ்ச நேரம் தங்கி, மறுபடி வெளியே நழுவுகின்றன. நழுவியவற்றைச் செல் சிறு குமிழிகளாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. சில மறுபடி மேலே அனுப்பப்படும், சில சிதைக்கப்படும். ஆம்பா ஏற்பிகள் ஒவ்வொன்றாக இப்படி அலைவதை 2002இல் பிரான்சின் போர்தோவில் டேனியல் ஷொக்கேயின் குழு பின்தொடர்ந்து பார்த்தது. என்எம்டிஏ ஏற்பிகளும் நகர்கின்றன என்பது இரண்டு வருடங்களில் தெரிந்தது.

ஒரு சினாப்ஸ் பலமானதா பலவீனமானதா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது இந்த வரவு செலவுதான். 1973இல் டிம் பிளிஸும் டெர்ஜே லோமோவும் ஆஸ்லோவில் முயலின் ஹிப்போகாம்பஸைச் சற்று வேகமாகத் தூண்டிவிட்டு, அதன் பிறகு அந்த இணைப்பு மணிக்கணக்கில் பலமாகவே இருந்ததை அறிவித்தார்கள். எப்படி என்பதற்கான விடை பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. என்எம்டிஏ ஏற்பி வழியாகக் கால்சியம் குபுக்கென்று அதிகமாக வந்தால் கால்சியம்-கால்மோடுலின் கைனேஸ்-2 என்ற நொதி கிளம்பும். ஆம்பா ஏற்பிகள் கூடுதலாக வந்து சினாப்ஸில் தங்கும். அதே கால்சியம் குறைவாக, நீண்ட நேரம் கசிந்தால் கால்சினியூரின் போன்ற எதிர் நொதிகள் விழிக்கும். ஆம்பா ஏற்பிகள் உள்ளே இழுக்கப்படும், இணைப்பு தளரும். ஒரே கால்சியம், அளவையும் நேரத்தையும் பொறுத்து நேரெதிரான இரண்டு உத்தரவு. எனக்கு இந்தத் துறையில் இன்றும் அலுக்காத விஷயம் இதுதான்.

இந்தப் போக்குவரத்து முறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு க்னூட்டுக்கு முன்பே ஒரு சாட்சி உண்டு. ஆய்வகங்களில் ‘ஸ்டார்கேசர்’ என்று ஒரு சுண்டெலி வகை. வானத்தை வெறிப்பது போலத் தலையை மேலே தூக்கித் தூக்கி ஆட்டும், தள்ளாடி நடக்கும், வலிப்பும் உண்டு. அதில் பழுதானது ஒரு புரதம். எலியின் பெயரை ஒட்டி அதற்கு ஸ்டார்காசின் என்று பெயர் வைத்தார்கள். ஆம்பா ஏற்பியை மேற்பரப்புக்குக் கொண்டுவந்து பிஎஸ்டி-95இல் கட்டிப்போடும் வேலை அதனுடையது என்று 2000இல் தெரியவந்தது. சிறுமூளையின் சில செல்களில் ஏற்பி தயாராகிறது, ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. சரக்கு கிடங்கில் இருக்கிறது, கடையில் இல்லை.

எதிர்ப்பொருள் செய்வது என்ன

இப்போது க்னூட்டின் திரவத்தில் இருந்த ஆளுக்கு வருவோம். ஐஜிஜி வகை எதிர்ப்பொருளுக்கு ஆங்கில ஒய் எழுத்தின் வடிவம், இரண்டு கைகள். மனித நோயாளிகளின் எதிர்ப்பொருள் குளூஎன்1இன் வெளி முனையில் குறிப்பிட்ட ஒரு சிறு பகுதியைப் பிடிக்கிறது. துளையை அடைத்துவிடுகிறது, அதனால்தான் நோய் என்று முதலில் தோன்றும். முக்கிய வழி அதுவல்ல என்பதைப் பிலடெல்பியாவில் ரீட்டா பாலிஸ்-கார்டன், ஜூசெப் டால்மாவ் ஆகியோரின் குழு 2010இல் காட்டியது.

எலியின் நரம்புச் செல்களைத் தட்டில் வளர்த்து, நோயாளிகளின் எதிர்ப்பொருளை விட்டார்கள். சினாப்ஸில் என்எம்டிஏ ஏற்பிகளின் அடர்த்தி குறைந்தது. எதிர்ப்பொருள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு குறைவு. செல் சாகவில்லை. சினாப்ஸ்களின் எண்ணிக்கை குறையவில்லை. பக்கத்திலேயே இருந்த ஆம்பா ஏற்பிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்து அவர்கள் செய்த காரியம்தான் அழகு. எதிர்ப்பொருளை நொதியால் வெட்டி ஒற்றைக் கையாக்கி விட்டுப் பார்த்தார்கள். ஒற்றைக் கையும் அதே இடத்தில்தான் ஒட்டியது, ஆனால் ஏற்பிகள் குறையவில்லை. அந்த ஒற்றைக் கைகளை வேறொரு எதிர்ப்பொருளால் இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டினார்கள். உடனே குறைந்தது.

ஒட்டுவதால் மட்டும் வருவதல்ல நோய் என்று இதிலிருந்து தெரிகிறது. இரண்டு கைகளும் இரண்டு பக்கத்து ஏற்பிகளைப் பிடித்துச் சேர்த்துக் கட்டுகின்றன. கட்டுண்டு கும்பலான ஏற்பிகளைச் செல், வழக்கமான குப்பை அள்ளும் வழியிலேயே உள்ளே இழுத்துக்கொள்கிறது. எதிர்ப்பொருள் புதிதாக எந்த இயந்திரத்தையும் கொண்டுவரவில்லை. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வரவு செலவில் செலவுப் பக்கத்தை மட்டும் தூக்கிவிடுகிறது. பேருந்து நிலையத்துக்கு ஆட்கள் வரும் வேகம் அப்படியே இருக்க, ஏற்றிப்போகும் வண்டிகள் மட்டும் கூடிவிட்டன. கொஞ்ச நேரத்தில் கூட்டம் ஒரு புதிய, குறைந்த எண்ணிக்கையில் நிலைகொள்ளும். தட்டிலிருந்த செல்களிலும் அப்படித்தான். சில மணி நேரத்தில் சரிவு தொடங்கி, சுமார் அரை நாளில் புதிய மட்டத்தில் நின்றது.

கூடுதல் நுணுக்கம் ஒன்றும் 2012இல் தெரிந்தது. என்எம்டிஏ ஏற்பியைச் சினாப்ஸில் தங்கவைக்க எஃப்பி2 என்ற துணைப் புரதம் கைகோத்து நிற்கும். எதிர்ப்பொருள் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. ஏற்பி முதலில் சினாப்ஸை விட்டு நழுவுகிறது, அப்புறம்தான் உள்ளே போகிறது. எஃப்பி2ஐத் தூண்டும் எஃப்ரின்-பி2 என்ற புரதத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது, சுண்டெலிகளில் எதிர்ப்பொருளின் தீங்கு பெருமளவு தடுக்கப்பட்டதை 2016இல் பார்த்தார்கள். இன்னும் மருந்தாகவில்லை, ஆனால் வழி இருக்கிறது.

உசுப்பும் ஏற்பி குறைந்தால் வலிப்பு ஏன்?

க்னூட் வழக்கில் என்னை நீண்ட நேரம் உறுத்திய இடம் இதுதான். வலிப்பு என்பது நரம்புச் செல்கள் கட்டுமீறிச் சேர்ந்து துடிப்பது. என்எம்டிஏ ஏற்பியோ உசுப்பும் ஏற்பி. அதைக் குறைத்தால் மூளை மந்தமாக வேண்டும். கரடி ஏன் துடித்து விழுந்தது?

ஒரே வரியில் பதில் இல்லை. மூளையில் எல்லாச் செல்லும் உசுப்பும் செல் அல்ல. காபா என்ற பொருளை உமிழ்ந்து மற்றவற்றை அடக்கிவைக்கும் செல்களும் உண்டு. அவற்றையும் யாராவது உசுப்பினால்தான் அவை அடக்கும் வேலையைச் செய்யும். அந்த உசுப்பலும் என்எம்டிஏ ஏற்பி வழியாக வருகிறது. ஏற்பி குறைந்தால் முதலில் சோர்வது வாத்தியாரா மாணவனா என்பதுதான் கேள்வி. வாத்தியார் அயர்ந்தால் வகுப்பு அமைதியாகாது. கெட்டமின் மருந்தைப் பார்த்தாலும் இந்தச் சாயல் தெரியும். அது இதே ஏற்பியின் துளையை அடைப்பது. குறைந்த அளவில் மனிதர்களுக்கு உருவெளித் தோற்றமும் குழப்பமும் கொடுக்கும், அதிக அளவில் மயக்கும்.

இன்னொரு பதில் இன்னும் நுட்பமானது. நரம்புச் செல் தனக்கு வரும் மொத்த உசுப்பலை ஒரு மட்டத்தில் வைத்துக்கொள்ளப் பார்க்கும். நீண்ட நேரம் வரத்து குறைந்தால் தன் சினாப்ஸ்களை ஒட்டுமொத்தமாக உரக்கக் கேட்க வைத்துக்கொள்ளும். இதை 1998இல் ஜினா டூரிஜியானோ குழு காட்டியது. எதிர்ப்பொருளால் என்எம்டிஏ ஏற்பிகள் போனபோதும் செல் ஒரு ஈடுகட்டலைச் செய்கிறது: உசுப்பும் செல்களின் மேல் வந்து சேரும் அடக்கும் சினாப்ஸ்கள் குறைகின்றன. செல்லின் பார்வையில் அது நியாயமான சமன்பாடு. மூளை முழுதுக்கும் அதுவே பிரேக் இல்லாத வண்டி. இந்த இரண்டில் எது எவ்வளவு என்பது மூளையின் பகுதியையும் நோயின் கட்டத்தையும் பொறுத்து மாறும் என்று நினைக்கிறேன்.

மனித நோயாளிகள்

இந்த நோய்க்குப் பெயர் கிடைத்தே நெடுநாள் ஆகவில்லை. 2005இல் டால்மாவும் கூட்டாளிகளும் நான்கு இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள்: மனக்குழப்பம், நினைவிழப்பு, மூச்சுத் தளர்ச்சி, எல்லாருக்கும் சினைப்பையில் டெரட்டோமா என்ற கட்டி. 2007இல் பன்னிரண்டு பெண்களை வைத்து, குறி என்எம்டிஏ ஏற்பிதான் என்று காட்டினார்கள். அடுத்த வருடமே நூறு நோயாளிகள். அவர்களில் 91 பேர் பெண்கள். 2013இல் 577 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு வந்தது. நோய் புதிதாக முளைக்கவில்லை. சோதனை வந்ததும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது, அவ்வளவுதான்.

டெரட்டோமா ஏன் என்பதற்கு விளக்கம் உண்டு. அந்தக் கட்டியில் முடி, பல், சில சமயம் நரம்புத் திசுகூட இருக்கும். அந்த நரம்புத் திசுவில் என்எம்டிஏ ஏற்பியும் இருக்கும். மூளைக்குள் பத்திரமாக இருக்க வேண்டிய முகத்தை நோயெதிர்ப்பு மண்டலம் வயிற்றில் பார்த்து எதிரி என்று குறித்துக்கொள்கிறது.

ஆனால் க்னூட் ஆண். ஆண்களிலும் குழந்தைகளிலும் கட்டி அபூர்வம். அங்கே வேறு ஒரு பாதை தெரியவந்திருக்கிறது. ஹெர்பிஸ் வைரஸ் மூளை அழற்சி வந்து ஆறிய சிலருக்கு, சில வாரங்கள் கழித்து மறுபடி நோய் திரும்பும். வைரஸ் திரும்பிவிட்டது என்று நினைப்பார்கள். பலரிடம் திரும்பியது வைரஸ் இல்லை, என்எம்டிஏ ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருள். ஹெர்பிஸ் மூளை அழற்சி வந்தவர்களை முன்கூட்டியே தொடர்ந்து கவனித்து 2018இல் ஸ்பெயினில் இருந்து வந்த ஆய்வில், நான்கில் ஒருவருக்குச் சற்று அதிகமானோருக்குத் தன்னெதிர்ப்பு மூளை அழற்சி வந்தது. வைரஸ் செல்லை உடைக்கும்போது உள்ளே இருந்தவை சிந்துகின்றன; காவல்காரன் அவற்றின் மோப்பத்தைப் பிடித்துக்கொள்கிறான். க்னூட்டின் இரத்தத்தில் இருந்த இன்ஃப்ளூயன்சாத் தடயத்தைக் காட்டி அதையே காரணமாக்கும் ஆசை வரும். அந்த ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது.

மனிதர்களில் நோய் பெரும்பாலும் தலைவலி, காய்ச்சல் என்று ஃப்ளூ மாதிரி ஆரம்பிக்கும். பிறகு தூக்கமின்மை, பயம், சந்தேகம், விபரீதப் பேச்சு. பலர் முதலில் போய்ச் சேர்வது மனநல வார்டில். ஊரைப் பொறுத்து மந்திரவாதியிடமும். அப்புறம் வலிப்பு, வாயும் முகமும் தன்னிச்சையாகக் கோணுவது, பேச்சு அடங்குவது, மூச்சும் இரத்த அழுத்தமும் நிலைதடுமாறுவது. 2009இல் நியூயார்க்கில் சூசன்னா காஹலன் என்ற 24 வயதுப் பத்திரிகையாளரிடம் சூஹெல் நஜ்ஜார் என்ற மருத்துவர் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். பன்னிரண்டு எண்களையும் அவர் வலது பாதியிலேயே அடுக்கியிருந்தார். மூளையின் வலது பக்கம் அழற்சியில் இருக்கிறது என்று அந்தக் காகிதம் காட்டிக்கொடுத்தது. சிகிச்சைக்குப் பிறகு அவர் வேலைக்குத் திரும்பினார்.

கரடியிடம் கடிகாரம் வரையச் சொல்ல முடியாது. மனிதர்களில் முதல் கட்டம் முழுக்கப் பேச்சிலும் நடத்தையிலும் தெரிவது. அடைப்புக்குள் இருக்கும் ஒரு கரடியின் பயத்தையும் குழப்பத்தையும் சாதாரண எரிச்சலில் இருந்து பிரித்துப் பார்க்க நம்மிடம் எதுவும் இல்லை.

வழக்கின் பலமும் பலவீனமும்

ஒற்றை விலங்கு. இறந்து நான்கு வருடம் கழித்துச் செய்த சோதனை. உயிரோடு இருந்தபோது இஇஜி என்ற மூளை மின்னலைப் பதிவு இல்லை. ஆனாலும் முடிவை நான் நம்புகிறேன். எதிர்ப்பொருள் இரத்தத்தில் மட்டும் இருந்திருந்தால் தற்செயல் என்று தள்ளலாம். இது தண்டுவடத் திரவத்தில், உயர்ந்த செறிவில் இருந்தது. ஒட்டிய கோலம் மனித நோயாளிகளோடு பொருந்தியது. திசுவில் அழற்சி கண்முன் இருந்தது, கிருமி இல்லை. அந்தக் கரடியின் எதிர்ப்பொருளை ஆரோக்கியமான விலங்கில் செலுத்திப் பார்த்த சோதனை மட்டும்தான் குறை. மனித எதிர்ப்பொருளை வைத்து அதை 2015இல் செய்திருக்கிறார்கள். சுண்டெலி மூளைக்குள் நோயாளிகளின் திரவத்தைச் சிறு பம்பு வைத்துப் பதினான்கு நாள் செலுத்தியதில் ஏற்பி குறைந்தது, பழகிய பொருளை அடையாளம் காணும் நினைவு மங்கியது. பம்பு நின்றபின் இரண்டுமே படிப்படியாகத் திரும்பின.

மனிதர்களுக்குச் சிகிச்சை கொடுப்பதும் இந்தத் திரும்புதலை நம்பித்தான். கட்டி இருந்தால் எடுப்பது, ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், இரத்தத்திலிருந்து எதிர்ப்பொருளை வடிகட்டுவது. கேட்காவிட்டால் ரிட்டுக்ஸிமாப், சைக்ளோபாஸ்ஃபமைடு போன்ற, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகள். 577 பேர் ஆய்வில், இரண்டு வருட முடிவில் தொடர்பில் இருந்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள். பலருக்கு அது மாதக்கணக்கில் நீண்ட மீட்சி. தட்டில் வளர்த்த செல்லில் எதிர்ப்பொருளை நீக்கிய நான்கே நாளில் ஏற்பிகள் பழைய அளவுக்கு வந்துவிட்டன. மனிதருக்கு ஏன் மாதங்கள் ஆகின்றன என்றால், எதிர்ப்பொருள் செய்யும் செல்கள் மூளைத் திரவத்தின் பக்கமே குடியேறி, வெளியிலிருந்து வரும் மருந்துக்கு எட்டாமல் உற்பத்தியைத் தொடர்கின்றன.

க்னூட்டுக்கு 2011இல் இதைக் கண்டுபிடித்திருந்தால்? ஸ்டீராய்டு ஒன்றும் கிடைக்காத மருந்தல்ல. விலங்கு மருத்துவர்கள் வேறு நோய்களுக்குத் தினமும் கொடுப்பதுதான். ஆனால் அதற்கு யாராவது முதலில் சந்தேகப்பட்டு, கரடியை மயக்கி முதுகில் ஊசி போட்டுத் திரவம் எடுத்திருக்க வேண்டும். மனிதர்களிலேயே குறி இன்னதென்று தெரிந்து அப்போது நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. க்னூட்டின் தோல் இப்போது பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், உருவத்தின் மேல் பொருத்தப்பட்டு நிற்கிறது. காரணம் தெரியாத மூளை அழற்சியில் இறக்கும் பூங்கா விலங்குகளிடம் கிருமியோடு சேர்த்து எதிர்ப்பொருளையும் தேட வேண்டும் என்று ப்ரூஸும் கிரீன்வுட்டும் அந்த அறிக்கையை ஒட்டிக் கேட்டுக்கொண்டார்கள்.